கை நனைக்காத அண்ணன்

விலை கொடுத்து நெய்மீன் வாங்கி, மசாலா அரைத்துக் குழம்பு வைத்து, வர மாட்டேன் என்கிற ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போல எரிச்சல் பிடித்த வேலை உலகத்தில் இல்லை. ஊரிலிருந்து வந்த விருந்தாளிக்காக மாடத்தி அந்த வேலையைத்தான் இரண்டு நாளாகச் செய்துகொண்டிருந்தாள். இன்றைக்கும் சுக்குப் பண்டகசாலைக்கு லீவு சொல்லிவிட்டு அதையே ஆரம்பித்திருந்தாள்.

போன வாரம் கதையை நாம் விட்டபோது அவளுடைய அண்ணன் தங்கையா, மனைவி சுப்பம்மாளோடும் மகன் அழகரோடும் கோவில்பட்டியிலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து இறங்கியிருந்தார். லீவுக்கு ஊர் சுற்றிப் பார்க்க வந்தாராம். கூடப் பிறந்த தங்கை பக்கத்திலேயே கொச்சங்காடியில் குடியிருக்க, படகுத்துறைக்குப் பக்கத்தில் லாட்ஜில் ரூம் எடுத்தார். அதை மாடத்தி பொறுத்துக்கொண்டாள். ஒரு அறையும் ஒரு அடுப்படியுமாக இருக்கிற வீட்டில் மூன்று பேரை எங்கே படுக்க வைப்பது?

அவளுக்கு வயிறு எரிந்தது வேறு விஷயத்துக்கு. லாட்ஜின் கீழேயே ஒரு மெஸ். அதில் ஒரு வாரத்துச் சாப்பாட்டுக்கும் மொத்தமாக முன்பணம் கட்டி, மூன்று வேளைக்கும் மூன்று நிறத்தில் டிக்கெட் வாங்கி, ரப்பர் பேண்டு போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார் தங்கையா. சாப்பிடக் கூப்பிட்டால் பையைத் தட்டிக் காட்டுவார்.

"என்ன செய்யச் சொல்லுதே தாயி? பணத்தைக் கட்டியாச்சே. சாப்பிடாட்டி வீணாத்தானே போகும்?"

அண்ணன் தங்கை வீட்டில் சாப்பிடாவிட்டால் குடியா முழுகிப்போகும் என்று கேட்பீர்கள். சாதாரண நாளில் முழுகாது. ஆனால் பங்குனியில் ஊரில் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் நாலு பேர் முன்னால் மாடத்தி தன் மகள் சந்தனமாரிக்கு அழகரைக் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு கணக்கே வேறு. அவர்கள் பக்கத்து வழக்கப்படி, பேச்சு எடுத்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பெண் வீட்டில் காப்பித் தண்ணி குடிப்பார்கள், சோறு சாப்பிட மாட்டார்கள். சோற்றில் கையை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் மாற்றிப் பேசினால் ஊர் காறித் துப்பும்.

தங்கையா அன்றைக்குச் சொன்ன பதில் எல்லார் காதிலும் விழுந்தது. "மே மாசம் லீவு போட்டுக் கொச்சிக்கு வாரேன். வந்து கை நனைச்சிட்டே போறேன்."

வந்தார். கைதான் நனையவில்லை.

"ஏளா, அவன் பின்னால அலையாதே" என்றான் அவள் புருஷன் இசக்கிமுத்து, முனிசிபாலிட்டி குழாய் வேலைக்குக் கிளம்பிக்கொண்டே. "வந்தா வரட்டும். இல்லாட்டி மீனை நாம தின்னுட்டுப் போவோம்."

"உங்களுக்கென்ன? பெத்தது நான்."

"நான் என்ன பண்டகசாலையிலிருந்தா எடுத்துட்டு வந்தேன்?" என்று முனகிவிட்டு அவன் போய்விட்டான்.

தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த சந்தனமாரி தலையைத் தூக்கவில்லை. தையல் கடையில் வேலை பார்க்கிற பெண். தமிழைவிட மலையாளம் வேகமாகப் படிப்பாள், பேச்சிலும் இரண்டும் கலந்துதான் வரும். "அம்மே, மாமா வரமாட்டாரு. நமக்கு எந்தினா இந்த நாணக்கேடு? மதி, போதும், விட்டுரு."

"வாயைக் கழுவுடி. அவரு டிக்கெட்டு எடுத்துட்டாரு, அதான் வரலை. வேற ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லைன்னா நல்லது" என்று சொல்லிவிட்டு அவள் அம்மியில் இன்னும் ஓங்கி இழுத்தாள்.

மாடத்தி சேலையை மாற்றிக்கொண்டு லாட்ஜுக்கு நடந்தாள். பண்டகசாலைத் தெருவில் வண்டிகளுக்கு இடையில் புகுந்து போகும்போதே என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்தாள். இன்றைக்கு ஒரே ஒரு வேளை. மத்தியானம் மட்டும். அந்த ஒரு டிக்கெட்டு போனால் போகட்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டாவது சொல்ல வேண்டும்.

அங்கே ரூமுக்குள் தனியாக ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

"நீயே கேளு மாடத்தி" என்று சுப்பம்மாள் இவளைப் பார்த்ததுமே பிடித்துக்கொண்டாள். "ஊர் பாக்க வந்தோமா, இந்தச் சாப்பாட்டுக்குக் காவல் இருக்க வந்தோமா? நேத்து எர்ணாகுளத்துக்குப் படகுல போனோம். இறங்கி ரெண்டு கடை பாக்கலை, 'நேரமாச்சு, மெஸ்ஸை அடைச்சிருவான்'னு திரும்பவும் படகுல ஏத்தி இழுத்துட்டு வந்துட்டாரு. வழியிலே ஒருத்தன் பழத்தை மாவுல முக்கிப் பொரிச்சுப் போடுதான், என்ன வாசனைங்கே! வாங்கித் தாங்கன்னா, 'அங்கே காசு கட்டியிருக்கு, இங்கே எதுக்குத் தனியா'ங்காரு."

"ஜூ டவுன்லயும் அதே கதைதான் அத்தை" என்றான் ஜன்னலோரம் நின்ற அழகர். போன வருஷம்தான் சர்க்கார் வேலையில் சேர்ந்தவன். "யூதருங்க கோயிலுக்குள்ள செருப்பைக் கழட்டிட்டுக் காலை வச்சேன். வெளியே இருந்து கடிகாரத்தைக் காட்டுதாரு."

தங்கையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பஸ் கம்பெனியில் செக்கராக இருக்கிற மனுஷர். டிக்கெட் இல்லாதவனைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"முன்னாலயே கட்டிப் போட்டா ஒரு நிம்மதிடே. எங்கே திங்க, என்ன விலைன்னு தெருத்தெருவா நாக்கைத் தொங்கப் போட்டுட்டு அலைய வேண்டாம். அப்பப்போ காசு கொடுத்துத் தின்னா, கை போற போக்குல போயிட்டே இருக்கும். லீவுன்னா அதுக்குன்னு ஒரு திட்டம் வேண்டாமா?"

"பசிக்கும் திட்டம் போட்டுக் கொடுத்திருங்க" என்றாள் சுப்பம்மாள்.

மாடத்தி நடுவில் புகுந்தாள். "அண்ணே, இன்னிக்கு நெய்மீன் குழம்பு. ஒரே ஒரு வேளை. மாரிதான் மசாலா அரைக்கா. மூணு டிக்கெட்டுதானே?"

"மூணு டிக்கெட்டுன்னா மூணு சாப்பாடு தாயி. லாட்ஜுக்காரன் பிடிச்ச பிடியா ரூமும் சாப்பாடும் சேத்துதான் தருவேன்னுட்டான். திருப்பியும் எடுக்க மாட்டான். நான் என்ன செய்ய? சாயந்திரமா வாரோம், உன் கையால சாயா போட்டுக் குடு. குடிச்சிட்டுப் போறோம்."

சாயா! மாடத்திக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது. மூன்று நாளாகச் சாயா குடித்தே மனுஷன் அவள் வீட்டுச் சர்க்கரை டப்பாவைக் காலி பண்ணியிருந்தார். ஆனால் கோபம் எல்லாம் லாட்ஜுக்காரன் மேல் திரும்பியது. அடப் பாவி, லீவுக்கு வந்த குடும்பத்தை இப்படியா கட்டிப் போடுவது? அண்ணன் வாயில்லாப் பூச்சி, அவர் கேட்க மாட்டார். நான் கேட்கிறேன் என்று விறுவிறுவென்று படியிறங்கினாள்.

கல்லாவில் முகமது இஸ்மாயில் உட்கார்ந்திருந்தார். மெஸ்ஸும் லாட்ஜும் அவர் பொறுப்பு. மாடத்தி வந்த வேகத்தைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏன் சேட்டா, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? சொந்தத் தங்கச்சி வீட்ல ஒருவேளை சோறு திங்க விடாம மனுஷங்களை டிக்கெட்டு போட்டுப் பிடிச்சு வச்சிருக்கீங்களே!"

இஸ்மாயில் முழித்தார். "ஆரு பிடிச்சு வச்சது?"

"மாடியில எங்க அண்ணன். கோவில்பட்டிக்காரரு."

"ஓ, அவரா!" இஸ்மாயில் சிரித்துவிட்டார். "சேச்சி, அந்த டிக்கெட்டு மாசக்கணக்கா தங்குற கம்பெனி ஆளுகளுக்கு உள்ளது. லீவுக்கு வந்து சுத்துறவங்களுக்கு நானே கொடுக்க மாட்டேன். எங்கே பசிக்குதோ அங்கே சாப்பிடுங்க, இங்கே சாப்பிட்டா அப்பப்போ காசு தந்தா மதின்னு உங்க அண்ணன்கிட்டயும் சொன்னேன். அவருதான் கேக்கலை. டிக்கெட்டு தந்தே ஆகணும்னு ஒரே நிர்ப்பந்தம்."

"திருப்பி எடுக்க மாட்டீங்களாமே?"

"ஆரு சொன்னா? திங்காத டிக்கெட்டைக் கொண்டு வந்தா அப்பவே பணம். அதுவும் அவருகிட்ட சொல்லியிருக்கேன்."

மாடத்தியின் மனசில் ஏதோ ஒன்று சுருக்கென்றது. அண்ணன் அப்படிச் சொல்லவில்லையே? ஆனால் அதை அங்கேயே அமுக்கிவிட்டாள். அண்ணனுக்குச் சரியாகக் காதில் விழுந்திருக்காது, இவர் பேசுகிற தமிழ் பாதி புரிந்திருக்காது என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். பணம் திரும்பக் கிடைக்கும்! இனி என்ன தடை? சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்று பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கி மேஜையில் உட்காருகிற நேரம் அவர்கள் முன்னால் போய் நின்றாள். இலை போட்டாகிவிட்டது. பையன் சோற்றைக் கொட்டி மீன் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, எந்திரி, எந்திரி! கேட்டுட்டேன். திங்காத டிக்கெட்டுக்கு அப்பவே பணத்தைத் திருப்பித் தாராராம். இந்த வேளை டிக்கெட்டு போனாப் போகுது. ராத்திரிக்கும், நாளைக்கும், கிளம்புற வரைக்கும் நம்ம வீட்லதான் சாப்பாடு!"

தங்கையாவின் முகம் சுண்டிப் போயிற்று. ரசத்தில் விழுந்த எலுமிச்சைத் தோலைப் போல ஆகிவிட்டது.

"அதெல்லாம்... வேண்டாம் தாயி. எனக்கு மீன் ஒத்துக்காது இப்போ."

"இப்போ இலையில மீன் குழம்புதானே ஊத்தியிருக்காங்க?" என்றாள் சுப்பம்மாள்.

"நீ சும்மா இரு."

அழகர் அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். "டிக்கெட்டு கட்டாயம்னு சொன்னீங்களே அப்பா?"

"நான்தான் வேணும்னு வாங்கினேன். அதுக்கென்ன இப்போ? என் பணம்." குரலைத் தாழ்த்திக்கொண்டு தங்கையா தங்கையைப் பார்த்தார். "மாடத்தி, பேச வேண்டிய இடம் இது இல்லை. ஊருக்குப் போய்ப் பேசிக்குவோம். அழகருக்கு இப்போ நல்ல வேலை. எங்க கம்பெனி மானேஜரே ஒரு வரன் சொல்லியிருக்காரு. நான் எதுக்கும் ஒண்ணும் சொல்லலை இன்னும். சொல்லாத வரைக்கும் யாருக்கும் சங்கடமில்லைல்ல?"

மாடத்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தெரியாமல் மாட்டிக்கொண்ட அண்ணன் இல்லை இவர். வீட்டில் கை நனைக்காமல் இருக்க வேண்டும், கேட்டால் சொல்ல ஒரு காரணமும் வேண்டும். அந்தக் காரணத்தை முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். இது தெரியாமல் அவள் இரண்டு நாளாக மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்! அழுகை வந்தது. அழுதால் இவருக்குச் சமாதானம் சொல்லத் தோதாகப் போய்விடும் என்று அதை விழுங்கினாள்.

முந்தானையில் முடிந்து வைத்திருந்த காசை எடுத்துக் கல்லாவில் வைத்தாள். "எனக்கு ஒரு சாப்பாடு."

"சேச்சி..." என்று இஸ்மாயில் தயங்கினார்.

"காசுதான் தாரேன்ல?"

அந்த மெஸ்ஸில் பெண்கள் தனியாக வந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. மூட்டை இறக்குகிறவர்கள் கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு பார்த்தார்கள். மாடத்தி அண்ணனுக்கு நேர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இலை வந்தது. சோறு வந்தது.

"சாப்பிடு அண்ணே. ஏன் பாத்துட்டு இருக்கே? இங்கே உன் காசுக்கு நீ திங்கே, என் காசுக்கு நான் திங்கேன். இதுல உறவு ஒண்ணும் ஒட்டாது. பயப்படாதே."

"மாடத்தி, எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். நீ வந்ததிலே இருந்து உன்கூட உக்காந்து சாப்பிடணும்னு இருந்தேன். இப்படித்தான் கிடைக்கும்னா இப்படியே இருக்கட்டும்." சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தாள். தண்ணீரைக் குடித்து இறக்கினாள்.

சுப்பம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். தங்கையா பிசைந்த சோற்றையே மறுபடி மறுபடி பிசைந்தார்.

அழகர் மட்டும் இலையைத் தொடவே இல்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான்.

"வீட்ல குழம்பு இருக்குல்ல அத்தை?"

"டேய், உக்காரு" என்றார் தங்கையா.

"எனக்குப் பசிக்கு. நான் அத்தை வீட்டுக்குப் போறேன்."

"அங்கே போய் நீ கை நனைச்சே, அப்புறம் நான் உனக்கு அப்பன் இல்லை. ஏ மாடத்தி, சொல்லிட்டேன், உனக்கு அண்ணனும் இல்லை!"

அழகர் தெருவில் இறங்கிவிட்டான்.

காலையில் மாடத்தி எதை வேண்டிக்கொண்டு வந்தாளோ அது நடக்கப் போகிறது. ஆனால் இப்படியா? அப்பன்மேல் இருக்கிற கோபத்தில் பையன் போய்ச் சோற்றில் கையை வைத்துவிட்டால், மீன் குழம்பைக் காட்டிப் பிள்ளையைப் பிரித்துவிட்டாள் என்று ஊரே பேசும். கோபம் தீர்ந்ததும் பையன் கோவில்பட்டிக்குப் போய்விடுவான். பேச்சு மாரியின் தலையில்தான் நிற்கும். வீட்டில் அவள் தனியாக வேறு இருக்கிறாள். மாடத்தி பாதி இலையில் எழுந்தாள். கையைக் கூடக் கழுவாமல், எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் ஓடினாள். வழியில் பண்டகசாலைக்காரி ஒருத்தி என்ன மாடத்தி என்று கேட்டதற்கும் நிற்கவில்லை.

வீட்டுக்குள் அழகர் பலகையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் இலை போட்டிருந்தது. இலையில் ஒன்றும் இல்லை. அடுப்படி நிலையில் சந்தனமாரி சோற்றுப் பானையை இடுப்போடு அணைத்துக்கொண்டு, மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி நின்றாள்.

"அம்மே, அத்தான் சோறு கேட்டாரு. இலை போட்டேன். சோறு விளம்பலை."

"நல்ல வேலை செஞ்சே" என்று மாடத்தி சுவரில் சாய்ந்தாள். மூச்சு வாங்கியது.

"ஏன் மாரி? பிடிக்கலையா?" என்று கேட்டான் அழகர். அவன் காது மடல் சிவந்திருந்தது.

"பிடிக்கலைன்னா இலையே போட்டிருக்க மாட்டேன்." மூடியை அவள் இன்னும் அழுத்தினாள். "இன்னிக்கு மாமாகிட்ட தேஷ்யப்பட்டு வந்திருக்கீங்க. கோவத்துல வந்து தின்னா, கோவம் தீந்ததும் எந்திரிச்சுப் போயிரலாம். ஊருக்குப் போய் ஒரு வாரம் கழிச்சும் இதே சோறு வேணும்னு சொல்வீங்களா? அதை மாமா காது கேக்கச் சொல்லுங்க. அப்புறம் விளம்புறேன்."

அழகர் வெறும் இலையைப் பார்த்தான். இந்த வயசில் இவ்வளவு யோசிக்கிறவளா என் மகள் என்று மாடத்திக்குப் பெருமையாகவும் இருந்தது, கிடைக்கிறதையும் கெடுத்துக்கொள்கிறாளே என்று அவளைப் பிடித்து ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது.

"சரி" என்றான் அழகர் கடைசியில். "அப்பா வரட்டும். அதுவரைக்கும் இந்த இலையை விட்டு எந்திரிக்க மாட்டேன்."

தங்கையா வர அதிக நேரம் ஆகவில்லை. சந்து முனையிலேயே அவர் குரல் கேட்டது. பின்னால் சுப்பம்மாள் செருப்பை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். பக்கத்து வீடுகளில் கதவு திறந்தது.

"அழகரு! எந்திரிச்சு வாடா வெளியே!"

உள்ளே அழகர் பலகையில் சம்மணத்தை இன்னும் இறுக்கிப் போட்டுக்கொண்டான்.

"தின்னுட்டானா?" என்றார் மாடத்தியிடம். குரலில் அதிகாரம் பாதிதான் இருந்தது, மீதி பயம். "உள்ளதைச் சொல்லு, கை நனைச்சுட்டானா?"

மாடத்தி உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் எடுத்து வந்தாள். காய்ந்து போயிருந்த தன் கையை முதலில் கழுவினாள். மீதித் தண்ணீரோடு வாசல்படியை மறித்துக்கொண்டு நின்றாள். மூன்று நாளாகக் கெஞ்சிய வாய் அது. இப்போது கெஞ்சவில்லை.

"உன் பிள்ளை உள்ளே இருக்கான். வந்து பாத்துக்கோ. ஆனா இனிமே என் வீட்டுக்குள்ள சாயா குடிக்கன்னு யாரும் வரக்கூடாது அண்ணே. வரணும்னா கையை நீட்டு, தண்ணி ஊத்துதேன். உள்ளே போய் இலையில உக்காந்து, பிள்ளைக்கு முன்னால சம்மதம்னு சொல்லிட்டுச் சாப்பிடு. முடியாதுன்னா அதையும் இந்தத் தெரு கேக்க இங்கேயே நின்னு சொல்லிட்டுப் போ. என் மக வேற இடம் பாத்துக்குவா."

தங்கையா சுற்றிலும் பார்த்தார். சுப்பம்மாள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றபடி, "நீட்டுங்களேன்" என்று மெதுவாகச் சொன்னாள். அவர் நீட்டவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. மாடத்தி செம்பைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.